சம்பந்தப்பட்ட நபர்

எங்கள் எஸ்டேட்டில் விடிவதற்கு முன்னால் எல்லார் போனிலும் என் குரல் கேட்கும். "வணக்கம். இன்றைய நிலவரம். பெரியவர் ஓடைக்கு மேற்கே தனியாக நிற்கிறார். எட்டாம் நம்பர் தேயிலைக் காட்டுக்குப் போகிறவர்கள் கீழ் ரோட்டைப் பயன்படுத்தவும். நன்றி." பெரியவர் என்றால் காட்டானை. வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் யானை என்று வாயால் சொல்ல எங்கள் ஆட்களுக்குப் பிடிக்காது, அதனால் நானும் பெரியவர் என்றே சொல்வேன். மற்றபடி அந்தக் குரலில் எங்கள் ஊர் வாசனையே இருக்காது. ரேடியோவில் செய்தி வாசிக்கிறவள் மாதிரி வார்த்தைக்கு வார்த்தை நிறுத்தி, ழகரத்துக்கு நாக்கை நன்றாக மடித்துப் பேசுவேன். மூச்சு வாங்க மேடு ஏறி, பாறைக்குப் பின்னால் குந்திக்கொண்டு, நெஞ்சு படபடக்கத்தான் அதைப் பேசுகிறேன் என்பது கேட்கிறவர்களுக்குத் தெரியாது. அப்படித் தெரியாமல் பார்த்துக்கொள்வதில் எனக்கு ஒரு பெருமை.

சாந்தன்பாறைக்கும் பூப்பாறைக்கும் நடுவில் இருக்கிறது நாங்கள் இருக்கும் தேயிலைத் தோட்டம். தோட்டத்து ஆட்களுக்காக ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகக் கட்டிவிட்ட வீடுகளை லயம் என்போம். எங்களுடையது நாலாவது லயத்தில் கடைசி வீடு. நான் பள்ளியில் படிக்கும்போதே அப்பா மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அம்மா கொழுந்து எடுக்கிறாள். நான் டிகிரி முடித்துவிட்டு, டூரிஸ்ட்டுகள் வந்து தங்கும் ஒரு விடுதியில் ரிசப்ஷனில் இருக்கிறேன். வருகிறவர்களிடம் மூன்று மொழியில் சிரிக்கிற வேலை. அந்தக் குரல் அங்கே பழகியதுதான்.

பக்கத்து டிவிஷனில் ஒருவர் காலையில் வேலைக்குப் போகும்போது, பனிமூட்டத்தில் எதிரே நின்ற யானையைப் பார்க்காமல் நேராக நடந்து போய் இறந்துபோனார். அதற்குப் பிறகு வனத்துறைக்காரர்கள் எஸ்டேட் எஸ்டேட்டாக வந்து, படித்த இளைஞர்கள் யாராவது உதவ முடியுமா என்று கேட்டார்கள். எங்கள் தோட்டத்தில் ஐந்தாறு பேர் சேர்ந்தோம். பெண் என்றால் நான் மட்டும்தான். வேலை சிக்கலானதில்லை. விடியலுக்கு முன்னால் லயத்துக்கு மேலே இருக்கிற மொட்டைப் பாறைக்கு ஏறி, யானை எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். பார்த்ததை, காலையில் ஆட்கள் வந்து கூடிப் பேர் கொடுக்கிற மஸ்டருக்கு முன்னால், போன் குரூப்பில் பேசி அனுப்ப வேண்டும். வனத்துறை எங்களுக்கு ஆளுக்கொரு டார்ச்சும் பச்சைத் தொப்பியும் கொடுத்தது. அந்தத் தொப்பியை நான் வேலைக்குப் போகும்போதுகூடச் சில நாள் கழற்ற மாட்டேன்.

அம்மாவுக்கு இது ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை.

"பொட்டப் புள்ள இருட்டோட இருட்டா ஆம்பளப் பயகளோட மேட்டுக்கு ஏறுனா நாலு பேரு என்ன சொல்லுவான்?" என்பாள்.

"எந்த நாலு பேரு? பேரச் சொல்லு, நான் போய்க் கேட்டுட்டு வாரேன்" என்பேன் நான்.

தினமும் இதே சண்டைதான். நானும் விடாமல் பதில் சொல்வேன். பெண்கள் வெளியே வர வேண்டும், சமூகப் பொறுப்பு, காடு நமக்குச் சொந்தமில்லை, நாம்தான் அதன் வழியில் குடியிருக்கிறோம் என்று விடுதிக்கு வந்த யாரோ ஒரு டூரிஸ்ட் அம்மாள் பேசியதை எல்லாம் அம்மாவிடம் கொட்டுவேன். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள். ஊர் வாய்க்குப் பயப்படுகிற பழைய காலத்து மனுஷி என்று அவளைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். அந்த முடிவு எனக்கு வசதியாகவும் இருந்தது.

கொஞ்ச நாளில் என் மரியாதை ஏறிவிட்டது. மஸ்டரில் நிற்கும் பெண்கள், "உம் பிள்ள கொரல் கேட்டாத்தான் மதினி காலு காட்டுக்குள்ள போவுது" என்று அம்மாவிடம் சொல்வார்களாம். அம்மா அதை வந்து என்னிடம் ஒப்பிப்பாள். ஒப்பிக்கும்போது அவள் முகத்தில் சந்தோஷம் இருந்ததா என்று நான் பார்த்ததில்லை. என் முகத்தில் இருந்த சந்தோஷத்தில் மூழ்கியிருந்தேன்.

அடுத்தபடியாக யானையை லயத்துக்கு இழுக்கிற பொருட்களை ஒழிப்பது என்று முடிவு செய்தோம். பலாவைப் பிஞ்சிலேயே பறித்துவிட வேண்டும். மிச்சச் சோற்றையும் கஞ்சித் தண்ணியையும் கொல்லையில் கொட்டக் கூடாது. வீட்டை ஒட்டி வாழை வைக்கக் கூடாது. லயத்துக்குப் பின்னால் சரிவில் ஒரு பிள்ளையார் கல் இருக்கிறது. அங்கே இனிமேல் பூவும் கற்பூரமும் மட்டும்தான், உடைத்த தேங்காயையும் பழத்தையும் கையோடு வீட்டுக்கு எடுத்துப் போய்விட வேண்டும் என்று விதி போட்டோம். இந்தக் கடைசி விதி என்னுடையது. கூட்டத்தில் நான் அதைச் சொன்னபோது ஒரு முணுமுணுப்பு எழுந்தது. "சாமிக்குப் படைக்காதீங்கன்னு நான் சொல்லல, சாமி பேரச் சொல்லி யானைக்குப் படைக்காதீங்கன்னுதான் சொல்றேன்" என்றேன். பையன்கள் கை தட்டினார்கள். அம்மாவும் கூட்டத்தில் இருந்தாள், தலையை ஆட்டினாள்.

வீடு வீடாக நான்தான் போனேன். மற்ற பையன்களுக்குப் பெண்களிடம் கறாராகப் பேச வரவில்லை. எனக்கு நன்றாக வந்தது. எங்கள் லயத்திலேயே நாலு வீடு தள்ளி இருக்கிற அக்கா, வாசல் ஓரத்தில் ஒரு வாழைக் கூட்டம் வைத்திருந்தாள். இரண்டு மரம் குலை தள்ளியிருந்தது. அவள் மகளுக்குச் சடங்கு வைத்திருந்தார்கள், அதற்கு வாசலில் குலையோடு கட்டுவதற்காகப் பொத்திப் பொத்தி வளர்த்தது.

"சடங்கு முடிஞ்சதும் நானே வெட்டிப்புடுதேன் பாப்பா" என்றாள்.

"நாளைக்கு உங்க மகளுக்கே எதாவது ஒண்ணு ஆச்சுன்னா யாரு பொறுப்பு?" என்றேன். சொல்லும்போதே அது கொஞ்சம் அதிகம் என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் வேலை நடந்தது. அன்று சாயங்காலமே வெட்டிவிட்டாள். சடங்குக்கு வெறும் மாவிலைத் தோரணம்தான் தொங்கியது. நானும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

இவ்வளவு செய்தும் ஒரு யானை மட்டும் வந்துகொண்டே இருந்தது. கூட்டத்தோடு சேராத ஒற்றை ஆண். மற்ற லயங்களை எல்லாம் விட்டுவிட்டு எங்கள் நாலாவது லயத்துக்குப் பின்னால் உள்ள சரிவுக்கே வந்து நிற்கும். ஒரு தடவை தண்ணீர்க் குழாயை மிதித்து உடைத்தது. இன்னொரு தடவை அந்த வாழை அக்காவின் மாட்டுக் கொட்டகைச் சுவரில் உரசிப் பாதியைச் சாய்த்துவிட்டுப் போனது. மாடு தப்பித்தது. அக்கா வாசலில் உட்கார்ந்து அழுதாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அன்றைக்குக் குரூப்பில் செய்தி வாசிக்கும் குரலிலேயே பேசினேன். "நாலாவது லயத்தில் யாரோ விதியை மீறுகிறார்கள். ஒருவர் செய்யும் தவறுக்கு எல்லோரும் ஆபத்தில் இருக்கிறோம். யார் என்பது விரைவில் தெரியவரும்."

அம்மா அப்போது பக்கத்தில்தான் இருந்தாள். பால் ஊற்றாத கட்டன் சாயா குடித்துக்கொண்டிருந்தாள். எப்போதும் மறையூர் வெல்லத்தைக் கடித்துக்கொண்டு குடிக்கிறவள் அன்று வெறுமனே குடித்தாள். வெல்லம் எங்கே என்று கேட்டதற்கு, தீர்ந்துபோச்சு என்றாள். இப்போதெல்லாம் அடிக்கடி வாங்குகிறாயே, எறும்பு தின்கிறதா என்று சிரித்துவிட்டு நான் வேலைக்குப் போய்விட்டேன்.

வனத்துறையில் எங்கள் பகுதியைப் பார்த்துக்கொள்கிற அதிகாரி மலையாளி, வயது குறைவு, மரியாதையான மனிதர். அவரிடம் சொல்லி ஒரு கேமரா வாங்கினேன். முன்னால் எது அசைந்தாலும் தானாகப் படம் பிடிக்கிற சின்னப் பெட்டி. பையன்கள் அதைச் சரிவில் ஒரு சில்வரோக் மரத்தில், பிள்ளையார் கல்லுக்குப் போகும் பாதையைப் பார்த்துக் கட்டினார்கள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று நான் கட்டளை போட்டேன். நானும் வீட்டில் சொல்லவில்லை. விதி என்றால் விதி.

படம் சேர்ந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எஸ்டேட் ஹாலில் எல்லோருக்கும் காட்டுவது என்று ஏற்பாடு. எங்கே எடுத்த படம் என்று யாருக்கும் சொல்லவில்லை. முதலில் நாம் மட்டும் போட்டுப் பார்த்துவிடலாமே என்று அதிகாரி சொன்னார். நான்தான் வேண்டாம் என்றேன். முன்னாலேயே பார்த்தால், வேண்டியவர்களை மறைத்துவிட்டோம் என்று ஜனங்கள் சொல்வார்கள், நேராகப் போட்டால்தான் நம்புவார்கள் என்று விளக்கினேன். அவர் என்னைப் பாராட்டிவிட்டுச் சரி என்றார்.

ஹால் நிரம்பிவிட்டது. லயத்தில் சினிமா போட்டு நாளாயிற்று என்று குழந்தைகளை எல்லாம் இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். சிலர் பொரியும் கடலையும் கொண்டுவந்திருந்தார்கள். அம்மா நடு வரிசையில் பெண்களோடு உட்கார்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் தலைக்குக் குளித்து முடிச்சுப் போட்டிருந்தாள். நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் நின்றேன். தொப்பி போட்டிருந்தேன்.

முதலில் ஒரு கோழி வந்தது. அது இன்னார் வீட்டுக் கோழி என்று கத்தினார்கள். பிறகு ஒரு நாய், பிறகு ஒரு கேளையாடு. கேளையாட்டைப் பற்றி நான் மைக்கில் இரண்டு வாக்கியம் சொன்னேன். அதற்கடுத்து, பொழுது இறங்கும் நேரத்து மங்கல் வெளிச்சத்தில், ஒரு பெண் சரிவில் ஏறி வந்தாள். கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கை இன்னும் அவிழ்க்கவில்லை. மேலே என்னுடைய பழைய பள்ளி ஸ்வெட்டர். கையில் ஒரு தூக்குச்சட்டி.

ஹாலில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. எனக்கும்தான். ஆனால் கொஞ்ச நேரம் நான் வேறு யாராவதாக இருக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வேறு யார் வருவார்கள்.

அம்மா கல்லுக்கு முன்னால் குனிந்து கும்பிட்டாள். அக்குளுக்குள் இடுக்கியிருந்ததை எடுத்தாள். என் பச்சைத் தொப்பி. சாயங்காலம் நான் வீட்டில் கழற்றி ஆணியில் மாட்டுவது. அதைக் கல்லின் காலடியில் வைத்து, எடுத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு தூக்குச்சட்டியைத் திறந்து வெல்ல உருண்டைகளை எடுத்துக் கல்லுக்குப் பின்னால் வரிசையாக வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனாள். அடுத்த படம் கறுப்பு வெள்ளையில், இருட்டில் எடுத்தது. யானை வந்து, துதிக்கையின் நுனியால் வெல்லத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றது. சிந்தியதைக்கூட விடவில்லை. வேறொரு நாள் மறுபடி அம்மா, மறுபடி தொப்பி, மறுபடி வெல்லம், மறுபடி யானை. இன்னொரு நாள். இன்னொரு நாள்.

"ஆன்லைன் டெலிவரிடா" என்றான் பின்னாலிருந்து ஒருவன். ஹாலே வெடித்துச் சிரித்தது. தொப்பியைக் கவனித்த சில பெண்கள் மட்டும் சிரிக்கவில்லை. வாழை அக்கா எழுந்து நின்றாள். சத்தம் போடாமல், என்னைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"எங்க வாழ என்ன பாவம் பண்ணுச்சு பாப்பா?"

அதிகாரி என் பக்கம் திரும்பி, "சாரமில்ல, அதை விடு, நிறுத்திடலாம்" என்று மெதுவாகச் சொன்னார். சாரமில்ல என்றால் மலையாளத்தில் பரவாயில்லை. நான் அவர் சொன்ன மாதிரி மைக்கைக் கீழே வைத்திருக்கலாம். வாழை அக்காவிடம் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். இறங்கிப் போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். எனக்கு அவமானத்தில் காது இரண்டும் எரிந்தது. எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள், நான் வீட்டுக்கு ஒரு நியாயம் ஊருக்கு ஒரு நியாயம் பார்க்கிறவள் இல்லை என்று இவர்களுக்குக் காட்ட வேண்டும் என்பது மட்டும்தான் மனசில் ஓடியது. மைக்கில் அந்தச் செய்திக் குரல் தானாக வந்தது.

"சம்பந்தப்பட்ட நபர் இனிமேல் இப்படிச் செய்யக் கூடாது. இது எல்லோருடைய உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். அவர் யாராக இருந்தாலும் சரி, விதி எல்லோருக்கும் ஒன்றுதான். சம்பந்தப்பட்ட நபர் இதற்குப் பொறுப்பேற்க வேண்டும்."

அம்மா எழுந்து நின்றாள். மஸ்டரில் பேர் கூப்பிட்டால் எப்படி எழுந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிற்பாளோ அப்படி நின்றாள். சூப்பர்வைசரிடம் சொல்லுகிற குரலில், என்னிடம் சொன்னாள்.

"சரிங்கம்மா. இனிமே செய்ய மாட்டேன்."

பெற்ற மகளை 'ங்க' போட்டு அழைத்தாள். கேலியாக இல்லை. கேலியாக இருந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். அந்த ஹாலில் மைக் வைத்திருப்பவரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று அவளுக்குத் தெரியும், அவ்வளவுதான். இவ்வளவு வருஷம் கொழுந்து எடுத்ததில் பழகியது. பிறகு அவளாகவே உட்காரவும் இல்லை, உட்காரச் சொல்வார்களா என்று நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்த ஒரு பெண் சேலையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

வீட்டுக்கு வந்தும் நான்தான் கோபப்பட்டேன். இத்தனை பேருக்கு முன்னால் என் மானத்தை வாங்கிவிட்டாயே, சாமிக்கு நேர்ந்துகொள்வதாக இருந்தால் ஊரில் கோயில் இல்லையா, காட்டில் போய்த்தான் வைக்க வேண்டுமா என்று கத்தினேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"நேர்த்திக்கு மட்டும் வைக்கலட்டி" என்றாள்.

"பின்ன எதுக்கு?"

"அது இங்கன தின்னுட்டு நின்னா ஒம் பாறைக்கு வராதுல்ல. நீ விடியும்போது ஏறுத பாதையிலதான முன்னெல்லாம் அது நிக்கும். இங்கன நின்னா எங்க நிக்குன்னு எனக்குத் தெரியும். செவுத்துக்கு அந்தப் பக்கம் மூச்சு விடுதது கேக்கும். அது இங்க இருக்கு, அப்ப நீ போயிட்டு வருவன்னு படுத்துக் கெடப்பேன்."

நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று அவள் போட்ட சண்டை எல்லாம் எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. யானையை நினைத்தால் பயமாக இருக்கிறது, போகாதே என்று வாய்விட்டுச் சொல்ல அவளால் முடியவில்லை. காலையில் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது என்பது ஒன்று. எடுத்தாலும் நான் கேட்க மாட்டேன் என்பது இன்னொன்று. அதனால் ஊர் வாயைக் காட்டிப் பார்த்திருக்கிறாள். அது பலிக்கவில்லை என்றதும் யானையை என் பாதையிலிருந்து எடுத்துத் தன் தலைமாட்டில் கொண்டுவந்து கட்டிப்போட்டுவிட்டாள்.

"பக்கத்து வீட்டு ஆளுக நெனப்பு வரலியாம்மா உனக்கு?" என்று கேட்டேன். குரல் இறங்கியிருந்தது.

"வந்துச்சு. கொட்டக விழுந்தன்னைக்கு ரொம்ப வந்துச்சு. நிறுத்திருவோம்னு நெனச்சேன். மறுநாளு நீ தொப்பியப் போட்டுக்கிட்டு கெளம்புன. அது தப்புதான், இல்லன்னு சொல்லல." களைந்த தண்ணீரைக் கொல்லையில் ஊற்றப் போனவள், என் விதி ஞாபகம் வந்து, திரும்பிச் சாக்கடையில் ஊற்றினாள்.

மறுநாள் அம்மா வாழை அக்காவிடம் போய்க் கொட்டகைச் சுவரைத் தான் பூசிக்கொடுப்பதாகச் சொன்னாள். அக்கா, "விடுங்க மதினி, பிள்ளையப் பெத்தவ நானும்தான்" என்றாளாம். என்னிடம் அந்த அக்கா இன்று வரை ஒன்றும் சொல்லவில்லை. பார்த்தால் சிரிப்பாள், பேச மாட்டாள். அது எனக்கு வேண்டியதுதான்.

ஹாலில் திரையை யாரோ போனில் எடுத்திருந்தார்கள். அதற்குப் பாட்டுப் போட்டு, 'டெலிவரி அம்மா' என்று எழுதி, பூப்பாறை வரை அனுப்பிவிட்டார்கள். கொழுந்து எடுக்கும்போது பெண்கள் அம்மாவிடம், எங்கள் வீட்டுக்கும் ரெண்டு உருண்டை அனுப்புங்க மதினி என்று வம்பு பண்ணுவார்கள். அம்மாவும் சேர்ந்து சிரிப்பாளாம். ஒரு நாள் என்னிடம், "அதக் கொஞ்சம் காட்டேன், நான் எப்படி இருக்கேன்னு பாப்போம்" என்றாள். என் போனிலும் அது இருந்தது. அழிக்காமல் வைத்திருந்தேன். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "படங்கு கிழிஞ்சது நல்லாத் தெரியுதே" என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

வெல்லம் நின்றதும் யானை சரிவுக்கு வருவது குறைந்து, பிறகு நின்றேவிட்டது. அதற்கடுத்து அது எங்கே போகும் என்று அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. பனி விழுந்த ஒரு காலையில் நானும் இரண்டு பையன்களும் மொட்டைப் பாறைக்கு ஏறி உட்கார்ந்த பிறகு, நாங்கள் வந்த பாதையில், வளைவில், அது நின்றுகொண்டிருந்தது. புல்லைப் பிடுங்கி முழங்காலில் தட்டி மண்ணை உதிர்த்துத் தின்றது. எங்களுக்கு இறங்க வேறு வழி கிடையாது. பாறைக்குப் பின்னால் ஒருவர் மேல் ஒருவர் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். செய்தி அனுப்ப வேண்டிய நேரம். பெரியவர் பாறைப் பாதையில் நிற்கிறார் என்று சொன்னால் மஸ்டரில் நிற்கும் அம்மா கேட்பாள். சொல்லாவிட்டால் அந்தப் பக்கம் வேலைக்கு வருகிறவர்கள் மாட்டுவார்கள். சொன்னேன். வணக்கம் சொல்லவில்லை, நன்றியும் சொல்லவில்லை. குரல் நடுங்கியதை மறைக்கவும் முடியவில்லை.

யானை தானாக நகர்ந்து ஓடைப் பக்கம் போன பிறகு இறங்கினோம். பாதை முடிகிற இடத்தில், கூடை முதுகில், படங்கு இடுப்பில், அம்மா நின்றுகொண்டிருந்தாள். மஸ்டரில் பேர் கொடுக்கவில்லை, அன்றைக்குச் சம்பளம் இல்லை. என்னை மேலும் கீழும் பார்த்தாள். "சோறு கட்டி வச்சிருக்கேன், எடுத்துட்டுப் போ" என்றாள்.

நான் பாறைக்குப் போவதை விடவில்லை. அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. அவள் வெல்லத்தை விட்டாள், நான் எதையும் விடவில்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

கொஞ்ச நாள் கழித்து அந்த அதிகாரி போன் செய்தார். எங்கள் குழுவுக்குப் பஞ்சாயத்து விழாவில் பாராட்டு. லயத்துக்கு யானை வருவதை நிறுத்திய முதல் எஸ்டேட் எங்களுடையதுதான், மற்ற எஸ்டேட் பிள்ளைகளும் வருவார்கள். அந்தக் கேமராப் படத்தைப் போட்டு, நான் மேடையில் விளக்கினால் எல்லோருக்கும் உபயோகமாக இருக்கும் என்றார். "அம்மாவிடம் கேட்டுவிட்டுச் சொன்னால் போதும், சம்மதம் இல்லையென்றால் போட வேண்டாம்" என்று இரண்டு தடவை சொன்னார். அம்மா ஒன்றும் சொல்ல மாட்டாங்க சார், போடலாம் என்று நல்ல மலையாளத்தில் உடனே சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகு மேடையில் பேசுவதற்கு இரண்டு மூன்று வாக்கியம்கூட மனசில் வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் விழா இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். படத்தைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. ஆனால் மஸ்டரில் அவளுக்கு எல்லாம் முன்னாலேயே தெரிந்திருக்கிறது. பெட்டியைத் திறந்து, சடங்குக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் கட்டுகிற மாம்பழக் கலர்ச் சேலையை எடுத்து, கட்டிலில் விரித்து, சுருக்கத்தைக் கையால் தடவிக்கொண்டிருந்தாள்.

"விழாவுலயும் அந்தப் படத்தப் போடுவாகளாமே" என்றாள். என்னைப் பார்க்காமல் கேட்டாள். "அங்கயும் நான் எந்திரிச்சு நின்னு சொல்லணுமா?"

படம் போட மாட்டார்கள் அம்மா என்று சொல்லியிருக்க வேண்டும். முதலில் என் வாயில் வந்தது அது இல்லை.

"வேண்டாம்மா" என்றேன். "நீ வர வேண்டாம்."

அவள் தலையை ஆட்டினாள். வெளியே போய் அதிகாரிக்குப் போன் போட்டேன். டவர் கிடைக்கும் வரை குழாயடிப் பக்கம் நின்று, படம் வேண்டாம் சார், விழாவுக்கு வேறு யாரையாவது பேசச் சொல்லுங்கள் என்று சொன்னேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. திரும்பி உள்ளே வருவதற்குள் அம்மா சேலையை மடித்துப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள்.